தி ஐஸ் ஸ்டோர்ம் (1997): பார்த்தவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கோலாலம்பூர்ல நாங்க சில குடும்பம் சேர்ந்து அப்பப்ப ஒரு படம் பார்ப்போம், யார் வீட்டு ஹால் பெருசோ அங்க. இந்தப் படத்துக்கு வந்த அளவு கேள்வி வேற எதுக்குமே வரல. வாட்ஸ்அப்ல துண்டு துண்டா பதில் சொல்லி முடியாம எல்லாத்தையும் இங்க சேர்த்து எழுதிட்டேன். கதை முழுசா வெளிய வரும், முடிவும் சேர்த்து, அதனால இன்னும் பார்க்காதவங்க முதல்ல பார்த்துட்டு வாங்க.

கே: இது என்ன படம், யாரு எடுத்தது?

1997ல வந்த அமெரிக்கப் படம். டைரக்டர் ஆங் லீ. ரிக் மூடி 1994ல எழுதின நாவலை வச்சு ஜேம்ஸ் ஷாமஸ் திரைக்கதை பண்ணாரு, அதுக்கு கான் விழாவுல சிறந்த திரைக்கதைன்னு பரிசு கெடச்சுது. கெவின் க்ளைன், ஜோன் ஆலன், சிகோர்னி வீவர் பெரியவங்களா நடிச்சிருக்காங்க. பிள்ளைங்களா வர்றவங்களைப் பார்த்தா உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், டோபி மெக்வயர், எலைஜா வுட், கிறிஸ்டினா ரிச்சி, எல்லாரும் அப்ப சின்னப் புள்ளைங்க மாதிரி இருப்பாங்க. கேட்டி ஹோம்ஸுக்கு இதுதான் முதல் படம்.

கே: யார் யாருக்கு என்ன உறவுன்னு குழப்பமா இருக்கு, கதையைச் சொல்லுங்களேன்

ரெண்டு குடும்பம், பக்கத்துப் பக்கத்துல. ஊரு நியூ கேனான், அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம், நியூயார்க்குக்கு ரயில்ல வேலைக்குப் போய் வர்ற வசதியான ஆளுங்க வீடு கட்டிக்கிட்டு இருக்கிற ஊரு. 1973 நவம்பர், தேங்ஸ்கிவிங் லீவு. ஹூட் வீட்டுல அப்பா பென், அம்மா எலேனா, போர்டிங் ஸ்கூல்ல படிக்கிற மூத்த பையன் பால், வீட்டுல இருக்கிற தங்கச்சி வெண்டி. கார்வர் வீட்டுல அப்பா ஜிம், அம்மா ஜேனி, பையனுங்க மைக்கியும் சாண்டியும். பென்னுக்கும் ஜேனிக்கும் தொடர்பு இருக்கு. வெண்டி அந்த வீட்டுப் பசங்களோட வயசுக்கு மீறின விஷயத்துல இறங்குறா. பெரியவங்க ஒரு பார்ட்டிக்குப் போற ராத்திரி ஐஸ் புயல் அடிக்குது, பால் வர்ற ரயில் பாதி வழியில நின்னுடுது, மைக்கி தனியா வெளிய போறான், அவன் உயிரோட திரும்பி வரல.

இவ்வளவுதான் கதை. சம்பவம்னு பார்த்தா கம்மி.

கே: இது வெள்ளைக்காரங்க ஒழுக்கம் கெட்ட கதை, நமக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டாங்க, கோவமாவும் கேட்டாங்க, அதனால நீளமாவே சொல்றேன். படத்துல கள்ளத்தொடர்பு இருக்கு, குடி இருக்கு, அந்த சாவி பார்ட்டி இருக்கு, எல்லாம் உண்மை. அதையெல்லாம் ஓரமா வச்சுட்டு வீட்டுக்குள்ள நடக்கிற சின்னச் சின்ன விஷயத்தை மட்டும் பாருங்க. கார்வர் வீட்டு அப்பா ஜிம் அடிக்கடி அவுட்ஸ்டேஷன் போற ஆளு. ஒரு நாள் திரும்பி வந்து நான் வந்துட்டேன்னு பசங்ககிட்ட சந்தோஷமா சொல்றாரு, அதுக்கு மைக்கி, நீங்க எங்கயாச்சும் போயிருந்தீங்களான்னு கேட்கிறான். அவன் திமிரா கேட்கல. அவனுக்கு நிஜமாவே தெரியல. ஜிம் முகத்தைப் பாருங்க அப்ப.

நம்ம தாமான்ல, அதாவது வீடுங்க வரிசையா இருக்கிற குடியிருப்புல, எத்தனை வீட்டுல இப்படி இருக்குன்னு நினைச்சுப் பாருங்க. ஃபேக்டரியில சிஃப்ட் முடிச்சு, அதுக்கு மேல ஓவர்டைம் பார்த்து, சில பேரு அதுக்கும் மேல கிராப் டாக்சி ஓட்டிட்டு நடுராத்திரி கேட்டைத் திறந்து வர்றாங்க. காலைல பிள்ளைங்க ஸ்கூல் வேன் ஏறும்போது அப்பா தூக்கத்துல இருப்பாரு, அவரு எழுந்திரிக்கும்போது பிள்ளைங்க டியூஷன்ல இருக்கும். இது காசு இல்லாததால வர்ற தூரம், கார்வர் வீட்டுல காசு நிறைய இருந்தும் தூரம் இருக்கு, ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன், ராத்திரி பகலா உழைக்கிற ஒரு மனுஷனைப் பார்த்து நீயும் ஜிம்மும் ஒண்ணுன்னு சொன்னா அது பெரிய அநியாயம். ஆனா வீட்டுல உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதுக்குத் தெரியறது அப்பா இல்லைங்கிறது மட்டும்தான்.

அதனாலதான் இந்தப் படத்தை நம்ம ஆளுங்க பார்க்கணும்னு விடாம சொல்லிக்கிட்டே இருக்கேன். இதுல வர்ற பெத்தவங்க யாரும் பிள்ளைங்க மேல பாசம் இல்லாதவங்க கிடையாது. பாசம் இருக்கு, அதைக் கொண்டுபோய் பிள்ளைகிட்ட சேர்க்கிற பழக்கம் அத்துப்போச்சு. எங்க அத்துதுன்னு ஒவ்வொரு சீன்லயும் காட்டுறாரு ஆங் லீ.

கே: அந்த சாவி பார்ட்டி என்னது? நிஜமாவே அப்படி நடக்குமா?

கல்யாணம் ஆன ஜோடிங்க பார்ட்டிக்கு வர்றாங்க, ஆம்பளைங்க கார் சாவியை ஒரு பாத்திரத்துல போடுறாங்க, கிளம்புற நேரத்துல பொம்பளைங்க கண்ணை மூடிக்கிட்டு ஒரு சாவியை எடுக்கிறாங்க, யாரு சாவி வருதோ அவரோட போகணும். 70கள்ல அமெரிக்காவுல இதைப் பத்தின பேச்சு நிறைய இருந்துச்சு.

படத்துல அந்தப் பார்ட்டியில ஒருத்தர் முகத்துலயாவது சந்தோஷம் இருக்கான்னு பாருங்க. சுதந்திரம்னு பேரு வச்சுக்கிட்டு எல்லாரும் பயந்துபோய் நிக்கிறாங்க. பென்னும் எலேனாவும் இதுக்காகவே கார்ல உட்கார்ந்து சண்டை போடுறாங்க, போட்டுட்டும் வீட்டுக்குத் திரும்பல. ஜேனி தன்னை விட வயசு கம்மியான ஒரு வாலிபனோட சாவியை எடுத்ததும் பென் குடிபோதையில எழுந்து விழுந்து, எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுறாரு. எலேனா கடைசியில ஜிம்மோட போய் கார்லயே முடிஞ்சுபோற அந்த விஷயம் பார்க்கவே பாவமா இருக்கும். ஆசையைக் கிளப்புற மாதிரி ஒரு ஷாட் கூட இல்ல. எங்க கூட பார்த்த ஒரு அக்கா, இதைப் பார்த்தா யாருக்கும் தப்பு பண்ணணும்னே தோணாதுன்னு சொன்னாங்க, சரியாத்தான் சொன்னாங்க.

கே: ஐஸ் புயல்னா பனிமழையா?

இல்லைங்க, வேற. நம்ம ஊர்ல மழைன்னா மத்தியானம் கொட்டி முடிஞ்சுடும், இது புரியறது கஷ்டம்தான். மேல இருக்கிற காத்து கொஞ்சம் சூடாவும் தரைக்குப் பக்கத்துல இருக்கிற காத்து 0 டிகிரிக்குக் கீழேயும் இருந்தா, மேல உருகின பனி மழையா இறங்கும், கீழ வர்ற கொஞ்ச தூரத்துல அது உறையறதுக்கு நேரம் இருக்காது, ஆனா குளிர்ந்து குளிர்ந்து உறையற நிலையில இருக்கும். எதைத் தொட்டாலும் அந்த நொடியே ஐஸ் ஆகி ஒட்டிக்கும். மரக்கிளை, ரோடு, கார், கரண்ட் கம்பி எல்லாத்து மேலயும் படலம் படலமா ஏறும். வெயிட் தாங்காம கிளை முறியும், கம்பி அறுந்து விழும், ஊரே இருட்டாயிடும். பார்க்கிறதுக்கு அவ்வளவு அழகா இருக்கும், அதே நேரம் ஆளைக் கொல்லும். 1973 டிசம்பர்ல கனெக்டிகட்ல நிஜமாவே பெரிய ஐஸ் புயல் அடிச்சிருக்கு, கதையில அதைத் தேங்ஸ்கிவிங் வாரத்துக்கு நகர்த்தியிருக்காங்க.

கே: ஏன் 1973? அந்தப் பொண்ணு ஏன் ஒரு முகமூடியைப் போட்டுக்கிட்டு வருது?

அது அப்ப இருந்த அமெரிக்க ஜனாதிபதி நிக்சனோட முகம். எதிர்க்கட்சி ஆபீஸ்ல திருட்டுத்தனமா நுழைஞ்சதை மறைக்கப் பார்த்த வாட்டர்கேட் விவகாரம் உச்சத்துல இருந்த நேரம் அது, துணை ஜனாதிபதி அக்னியூ அக்டோபர்லயே பதவியை விட்டுட்டாரு, நிக்சன் அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ராஜினாமா பண்ணாரு. அரபு நாடுங்க எண்ணெய் குடுக்க மாட்டோம்னு நிறுத்தினதும் அந்த 1973 அக்டோபர்தான். அமெரிக்கப் படை வியட்நாமை விட்டு வெளிய வந்ததும் அதே வருஷம். டிவியில நாட்டோட பெரிய தலைவர் பொய் சொல்றாரு, வீட்டுல அப்பா பொய் சொல்றாரு, வெண்டிக்கு ரெண்டும் தெரியுது. அவ நிக்சனை விடாம திட்டிக்கிட்டே இருப்பா. அப்பாவைத் திட்ட முடியாது, அதான் டிவியில வர்ற ஆளைத் திட்டுறா. இப்படித்தான் நான் அதைப் படிக்கிறேன்.

கே: சாப்பாட்டு மேசையில பிரார்த்தனை சொல்லச் சொன்னா அந்தப் பொண்ணு ஏன் அப்படி ஏடாகூடமா பேசுது?

தேங்ஸ்கிவிங் நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வரும், குடும்பமே ஒண்ணா உட்கார்ந்து வான்கோழி சாப்பிடுற நாள், அந்த வருஷம் 22ஆம் தேதி. நமக்குத் தீபாவளிக்கு மத்தியானச் சாப்பாடு எப்படியோ அந்த அளவு முக்கியம். பென் மகளை ஜெபம் சொல்லச் சொல்றாரு, அவ வெள்ளைக்காரங்க செவ்விந்தியர்களைக் கொன்னு நிலத்தைப் பிடுங்கினதுக்கும், ஆசியாவுல பிள்ளைங்க நேபாம் குண்டுல சாகும்போது நாம வயிறு முட்டத் தின்றதுக்கும் நன்றி சொல்றா. அப்பா கத்தி நிறுத்திடுறாரு.

அவ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. அந்த மேசையில யாரும் உண்மை பேச மாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியும், அதனால வீட்டைப் பத்தின உண்மையை விட்டுட்டு உலகத்தைப் பத்தின உண்மையைக் கொண்டுவந்து போடுறா. நம்ம வீட்டுப் பதினாலு வயசுப் பொண்ணு பண்டிகை நாள்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் எதிர்ப் பேச்சு பேசினா, வாயை மூடு, சொந்தக்காரங்க இருக்காங்கன்னுதான் நாமளும் சொல்றோம். அது ஏன் பேசுதுன்னு பண்டிகை முடிஞ்ச அப்புறமாச்சும் கேட்கலாம்.

கே: தைவான்காரர் எப்படி அமெரிக்கக் குடும்பத்தைப் பத்தி எடுத்தாரு?

ஆங் லீ 1954ல தைவான்ல பொறந்தவரு, அவங்க அப்பா ஸ்கூல் தலைமையாசிரியர். அவரோட முதல் மூணு படமும் அப்பாவைச் சுத்தி நடக்கிற சீனக் குடும்பக் கதை, மூணுலயும் அப்பாவா நடிச்சது ஒரே நடிகர், சிஹுங் லுங். அதுக்கப்புறம் ஒரு பழைய ஆங்கிலேய நாவலைப் படமா எடுத்தாரு, அப்புறம் இது. பெரியவங்க முன்னாடி மனசுல உள்ளதைப் பேசக் கூடாதுன்னு வளர்ந்த ஆளுக்கு நியூ கேனான் வீட்டு மௌனம் புரியாம போகுமா? எனக்கு என்னமோ அமெரிக்க டைரக்டர் யாராச்சும் எடுத்திருந்தா இவ்வளவு இரக்கத்தோட எடுத்திருக்க மாட்டாங்கன்னு தோணுது, கேலி பண்ணியிருப்பாங்க.

நம்ம ஆளுங்களுக்கு இவரை லைஃப் ஆஃப் பை மூலமா தெரியும், புதுச்சேரியில ஆரம்பிக்கும், பாம்பே ஜெயஸ்ரீ பாடின தமிழ்த் தாலாட்டு வரும், அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. அந்தப் படத்துக்கு மியூசிக் போட்ட மைக்கேல் டானாதான் இதுக்கும்.

கே: மியூசிக்ல நம்ம ஊர் சத்தம் கேட்குதே?

கேட்குதுல்ல! கமேலான்தான் அது, வெண்கல வாத்தியங்களைத் தட்டி வாசிக்கிற இசைக்குழு. டானா இதுல கமேலானையும் செவ்விந்தியர் புல்லாங்குழலையும் சேர்த்திருக்காரு. நம்ம நாட்டுல பகாங், தெரங்கானு அரண்மனைகள்ல வாசிச்ச அதே குடும்பத்து வாத்தியம். பள்ளிக்கூட விழாவுலயும் ஓட்டல் லாபியிலயும் கேட்டுக் கேட்டு நமக்குக் காது பழகிப்போச்சு, அது கனெக்டிகட் காட்டுக்குள்ள ஐஸ் மூடின மரத்து மேல ஒலிக்கும்போது உடம்பு சிலிர்க்குது. வெண்கலத்தைத் தட்டி விட்ட அப்புறம் அது அதிர்ந்துகிட்டே இருக்கிற சத்தம் குளிருக்கு அவ்வளவு பொருத்தமா இருக்கு. கடைசியில வர்ற பாட்டு டேவிட் போவி பாடினது.

கே: அப்பா பென் கெட்டவர்தானே?

இல்லைன்னு சொல்லுவேன். பொண்டாட்டிக்குத் துரோகம் பண்றாரு, அதுக்கு மன்னிப்பு கிடையாது. ஆனா அவரைப் பார்த்தா எனக்குக் கோவத்தை விட வருத்தம்தான் வருது.

ரெண்டு சீன் சொல்றேன். ஒண்ணு, லீவுக்கு வந்த பாலை ஸ்டேஷன்ல இருந்து கார்ல கூட்டிட்டு வரும்போது, வயசுக்கு வந்த பையனுக்கு அப்பா சொல்ல வேண்டியதைச் சொல்லியாகணும்னு ஆரம்பிக்கிறாரு. என்ன சொல்றாருன்னா குளிக்கும்போது அந்தக் காரியம் பண்ணாதே, தண்ணி வேஸ்ட்டுன்னு. பையன் கூனிக் குறுகிப் போறான். அதைப் பார்த்து எங்க ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பு வரல. அந்த மனுஷன் முயற்சி பண்றாருங்க. பையன்கிட்ட நெருங்கணும்னு ஆசை இருக்கு, அதுக்குண்டான பேச்சு அவர்கிட்ட இல்ல, அவங்க அப்பா அவர்கிட்ட பேசியிருந்தாத்தானே இவருக்கு வரும்.

இன்னொண்ணு, படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச சீன். கார்வர் வீட்டு பேஸ்மெண்ட்ல வெண்டியையும் மைக்கியையும் கையும் களவுமா பிடிச்சுடுறாரு. அவரு அந்த வீட்டுல அந்த நேரத்துல இருந்ததே ஜேனிக்காக, அதனால அவரு கத்துறதுக்கு ஒரு அர்த்தமும் இல்லாம போயிடுது, மகளுக்கும் அது ஒரு மாதிரி புரியும். அப்புறம் ரெண்டு பேரும் காட்டு வழியா நடந்து வீட்டுக்கு வர்றாங்க. குளிருதான்னு கேட்கிறாரு. ஆமாங்குறா. அவ்வளவு பெரிய பொண்ணை அப்படியே தூக்கிட்டு நடக்கிறாரு. அவ அப்பா தோள்ல சாஞ்சுக்கிறா. திட்டு இல்ல, விசாரணை இல்ல, சமாதானமும் இல்ல.

நம்ம அப்பாங்க இந்த சீனைப் பார்த்தா சட்டுன்னு புரிஞ்சுக்குவாங்க. செந்தூல் எல்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல ராத்திரி எத்தனை அப்பா மோட்டார்ல இன்னொரு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு பாருங்க. மகள் வருவா, ஹெல்மெட்டைக் குடுப்பாரு, அவ போட்டுக்குவா, வீடு வரைக்கும் ஒரு பேச்சும் இருக்காது. அது பாசம் இல்லைன்னு யாரு சொல்ல முடியும்? ஆனா அது மட்டும் போதுமான்னு படம் கேட்குது, ஏன்னா பென் மகளைத் தூக்கிட்டு வந்த மறுநாளோ அதுக்கு மறுநாளோ அவ மனசுல என்ன இருக்குன்னு அவருக்கு மறுபடியும் தெரியாது.

கே: எலேனாவுக்கு எல்லாம் தெரியுது, ஏன் வாயைத் திறக்கல?

நம்ம ஊர்ப் பொம்பளைங்க இந்தக் கேள்வியைக் கேட்கல, ஆம்பளைங்கதான் கேட்டாங்க. பொம்பளைங்களுக்குப் பதில் தெரியும்.

ஜோன் ஆலன் இதுல அதிகம் பேசவே மாட்டாங்க, அவங்க நடிப்பைக் கண்ணுலயும் கழுத்துலயும்தான் பார்க்கணும். வாயைத் திறந்தா குடும்பம் உடையும், திறக்காட்டி அவங்க உடைவாங்க, ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்துக்கிட்டு நடமாடுற ஒரு பொண்ணு. மகள் சைக்கிள்ல காத்து மாதிரி போறதைப் பார்த்து ஒரு நாள் தானும் சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்புறாங்க, அதே மருந்துக்கடைக்குப் போய் லிப்ஸ்டிக் திருடி மாட்டிக்கிறாங்க. அதே கடையில முன்னாடி வெண்டியும் திருடியிருப்பா. அம்மாவும் மகளும் ஒரே கடையில ஒரே தப்பைப் பண்றாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமலே. ரெண்டு பேரும் ஒரு தடவை உட்கார்ந்து பேசியிருந்தா எவ்வளவு விஷயம் ஒத்துப்போயிருக்கும்! என்னைப் பொறுத்த வரைக்கும் படத்தோட பெரிய சோகம் இதுதான், மைக்கி சாவுக்கு அடுத்தபடியா.

கே: ஜேனி ஏன் இவ்வளவு கல்நெஞ்சுக்காரியா இருக்கா?

சிகோர்னி வீவருக்கு இந்த வேஷத்துக்குத்தான் பாஃப்டாங்கிற பிரிட்டிஷ் சினிமா விருது கெடச்சுது. பென் ஆபீஸ் கதையும் கோல்ஃப் கதையும் ஆரம்பிச்சதும், எனக்கு ஏற்கனவே ஒரு புருஷன் இருக்கான், இன்னொருத்தன் வேண்டாம்னு வெட்டி விடுவாங்க. அலுத்துப்போன பொம்பளை. ஆனா கடைசி காலைல பார்ட்டி டிரெஸ்ஸோட கட்டில்ல சுருண்டு படுத்திருப்பாங்க பாருங்க, சின்னப் புள்ளை மாதிரி, பையன் செத்தது அப்ப அவங்களுக்கு இன்னும் தெரியாது. அந்த ஒரு ஷாட்டுக்கு அப்புறம் அவங்களைத் திட்ட எனக்கு மனசு வரல.

கே: மைக்கி ஏன் சாகணும்? அந்த முடிவு அநியாயமா இருக்கு

அநியாயம்தான். தப்பு பண்ணவங்க யாரும் சாகல, ஒண்ணும் பண்ணாத பையன் சாகுறான்.

முன்னாடி ஒரு கிளாஸ் ரூம் சீன் வரும், கவனிச்சீங்களா? மைக்கி எல்லார் முன்னாடியும் நின்னு மூலக்கூறுகளைப் பத்திப் பேசுறான், ஒரு வாசனை நம்ம மூக்குக்கு வருதுன்னா அந்தப் பொருளோட துகளே நமக்குள்ள வருதுன்னு, அதனால நாம வெளிய இருக்கிற எல்லாத்தோடயும் சேர்ந்துதான் இருக்கோம்னு. குளிர்ல அதெல்லாம் அசையாம நின்னுடும், காத்து சுத்தமா இருக்கும்னு அவனுக்கு ஒரு நம்பிக்கை. அதை அனுபவிக்கத்தான் அந்த ராத்திரி வெளிய போறான். ஐஸ் ரோட்டுல வழுக்கி விளையாடுறான், ரோட்டோரக் கம்பித் தடுப்பு மேல உட்கார்றான், கொஞ்சம் தள்ளி ஒரு கரண்ட் கம்பி அறுந்து அதே தடுப்பு மேல விழுது.

அந்த நேரத்துல அவனுக்குப் பொறுப்பான நாலு பெரியவங்களும் எங்க இருந்தாங்கன்னு நமக்குத் தெரியும். படம் யாரையும் விரல் நீட்டிக் குற்றம் சொல்லல, நான் சொல்லுவேன். இவ்வளவு மோசமான வானிலையில பிள்ளை வீட்டுல இருக்கானான்னு பார்க்க ஒரு பெரியவர் கூட வீட்டுல இல்ல. காலைல ரோட்டுல அவனைக் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டு வர்றது பென். மகளைத் தூக்கிட்டு நடந்த அதே கையில.

கே: நடுவுல அந்த காமிக் புக் எதுக்கு?

ஃபெண்டாஸ்டிக் ஃபோர், 141ஆம் இதழ். பால் ரயில்ல அதைப் படிச்சுக்கிட்டு வர்றான். அதுல வர்ற நாலு பேரும் ஒரு குடும்பம், அவங்களோட சக்தியே அவங்களுக்கு ஆபத்தா திரும்பும், அந்த இதழ்ல அப்பா தன் சொந்தப் பையனோட மூளையையே முடக்க வேண்டி வரும். குடும்பத்துக்குள்ள எவ்வளவு நெருங்குறோமோ அவ்வளவு காயப்படுத்தவும் முடியும்னு அந்தப் பையன் யோசிக்கிறான். பதினாறு வயசுல நம்ம பசங்க சினிமா வசனத்துலயும் ராப் பாட்டுலயும் வீட்டுக்கு அர்த்தம் தேடுற மாதிரிதான்.

கே: படம் ரொம்ப ஸ்லோவா போகுது

ஆமா. போனைத் தூர வச்சுட்டுப் பாருங்க.

கே: பிள்ளைங்களோட பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவுலயே ஆர் சான்றிதழ், அதாவது 17 வயசுக்குக் கீழ உள்ளவங்க பெரியவங்க துணை இல்லாம பார்க்கக் கூடாத வகை. சின்னப் பிள்ளைங்க சம்பந்தப்பட்ட சங்கடமான காட்சிங்க இருக்கு, சில பேருக்கு அது தாங்காது, அது நியாயமான வருத்தம்தான். பெத்தவங்க மட்டும் பாருங்க, முடிஞ்சா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து.

கே: ஓடின படமா?

இல்ல. 1 கோடியே 80 லட்சம் டாலர் செலவு பண்ணாங்க, அமெரிக்காவுல 1 கோடி கூட வரல. ஆஸ்கர்ல ஒரு பரிந்துரையும் இல்ல.

கே: நம்ம மலேசியத் தமிழ்ப் படத்துல இது மாதிரி ஏதாவது இருக்கா?

வீட்டு மௌனத்தைப் பத்தின்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஜகாட், சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, 2015 டிசம்பர்ல வந்துச்சு, அடுத்த வருஷம் மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம்னு விருது வாங்குச்சு. அது பணக்காரத் தாமான் கதை கிடையாது, எஸ்டேட் தோட்டத்துல இருந்து வெளிய தள்ளப்பட்டு புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பம், 90களோட தொடக்கம். அப்போய்ங்கிற பையன், கற்பனை நிறைய உள்ளவன், அப்பாவுக்கு அவன் படிச்சு மேல வரணும்னு வெறி, அந்த வெறி அடியா இறங்குது. பென்னுக்குப் பேச்சு வராம தண்ணி வேஸ்ட்டுன்னு உளறுறாரு, அப்போயோட அப்பாவுக்குப் பேச்சு வராம கை நீளுது.

லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, இருந்தப்ப எல்லாரும் ஒண்ணா இருந்தோம், தாமானுக்கு வந்துதான் பிரிஞ்சுட்டோம்னு நிறைய பேரு சொல்றாங்க. பாதி உண்மை. லயத்துல ஒரு பிள்ளை சாப்பிடலன்னா பக்கத்து வீட்டு ஆயாவுக்குத் தெரியும், மழையில ஒரு பையன் வெளிய நின்னா யாராச்சும் ஒருத்தர் காதைப் பிடிச்சு உள்ள தள்ளியிருப்பாங்க, அந்த விஷயத்துல மைக்கிக்கு ஒரு லயம் இருந்திருந்தா அவன் பொழைச்சிருப்பான். ஆனா கள்ளும் அடியும் அங்கேயும் இருந்துச்சு, பொம்பளைங்க வாயை மூடிக்கிட்டு அங்கேயும்தான் இருந்தாங்க. இப்ப ஆட்டோகேட் போட்ட வீட்டுல அது வெளிய கேட்காம இருக்கு, அவ்வளவுதான் மாத்தம்.

கே: கடைசியில பென் ஏன் கார்ல அழறாரு? அவரு பையனுக்கு ஒண்ணும் ஆகலையே?

அதனாலதான் அழறாரு.

பால் ராத்திரி முழுக்க ரயில்ல மாட்டிக்கிட்டு இருந்தான், வெளிய என்ன நடந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாது. காலைல கரண்ட் வந்து ரயில் நகர்ந்து ஸ்டேஷனுக்கு வந்தா, அப்பா அம்மா தங்கச்சி மூணு பேரும் நிக்கிறாங்க, அப்படி நிக்கிற குடும்பம் இல்ல அது. எல்லாரும் கார்ல ஏறுறாங்க. பென் திரும்பி அவனைப் பார்க்கிறாரு, சாவியைப் போட முடியாம உடைஞ்சு அழறாரு. அவரு கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அடுத்தவர் பையனைப் பொணமா தூக்கிட்டு வந்தவரு. அந்த ரோட்டுல கிடந்தது பாலா இருந்திருக்கலாம், அவன் எந்த ரயில்ல எப்ப வர்றான்னு ராத்திரி பூரா அவரு ஒரு தடவையாச்சும் யோசிச்சிருப்பாரான்னு கூடத் தெரியாது. எலேனா கையை அவரு தோள்ல வைக்கிறாங்க. பிள்ளைங்க பின் சீட்ல என்ன பண்றதுன்னு தெரியாம பார்க்குதுங்க, அப்பா அழுது அதுங்க பார்த்ததே இல்ல போல.

இதுக்கப்புறம் அந்தக் குடும்பம் சேருமா பிரியுமான்னு சில பேரு கேட்டாங்க, படம் சொல்லல. எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கு. அந்த அழுகைதான் அவரு அந்த வீட்டுல மறைக்காம பண்ண முதல் காரியம்.

கே: பார்த்ததுல இருந்து மனசு கனமா இருக்கு, எங்க வீட்டு நிலைமையும் இப்படித்தான்

உங்க வீட்டுல யார்கிட்டயாவது சொல்ல முடியும்னா சொல்லுங்க. முடியலன்னா கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ்ங்கிற உதவி போன் லைன்ல 24 மணி நேரமும் கேட்பாங்க, 03-7627 2929. வீட்டுல அடி உதை, பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னா அரசாங்கத்தோட உதவி போன் லைன் தாலியான் காசே (Talian Kasih), 15999. பேரு சொல்லணும்னு கட்டாயம் இல்ல, வெட்கப்படவும் வேண்டாம்.

கே: ரெண்டாவது தடவை பார்த்தா எதைக் கவனிக்கணும்?

பெரியவங்க பிள்ளைங்ககிட்ட கேள்வி கேட்கிற இடத்தையெல்லாம் கவனிங்க. ஸ்கூல் எப்படி, நல்லா இருக்கியான்னு நிறைய கேட்கிறாங்க, கேட்டுட்டுப் பதில் வர்றதுக்குள்ள நகர்ந்துடுறாங்க. அதே படத்துல பதில் வர்ற வரைக்கும் நின்னு கேட்கிற இடம் ஒண்ணு ரெண்டுதான் இருக்கு, காட்டு வழியில குளிருதான்னு பென் கேட்கிறது அதுல ஒண்ணு. மத்ததை நீங்களே பிடிங்க, பிடிச்சுட்டு வந்து சொல்லுங்க, எங்க ஆளுங்களுக்குள்ள இன்னும் ஒத்துப்போகல.